பிள்ளைகளோடு திருகோணமலையில் டென்ட்: எந்தத் தண்ணீர்ப் பக்கம் நல்லது?

வவுனியா வாசி

எல்லோருக்கும் வணக்கம். ஜூலைக் கடைசியில் குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கம் இரண்டு இரவு தங்க யோசனை. ஹோட்டல் வேண்டாம், டென்ட்தான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடி. மூத்தவனுக்குப் பதினொரு வயது, ஓரளவு நீந்துவான். சின்னவளுக்கு ஆறு. நீந்தத் தெரியாது, ஆனால் தண்ணீரைக் கண்டால் கரையில் நிற்கமாட்டாள். அம்மாவும் வருகிறார். அவருக்கு முழங்கால் வருத்தம், மணலில் கன தூரம் நடக்க ஏலாது.

விசாரித்ததில் ஒருவர் புறாத்தீவிலேயே டென்ட் அடிக்கலாம் என்கிறார். இன்னொருவர் கந்தளாய்க் குளக்கட்டு என்கிறார். மச்சானோ அரிசிமலையை விட்டால் வேறு இடமே இல்லை என்று நிற்கிறார். பிள்ளைகள் தண்ணீரில் விளையாட வேண்டும், அம்மா நிழலில் இருக்க வேண்டும், இரவில் பயமில்லாமல் படுக்க வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா சுத்துறவன்

உங்கள் மச்சான் சொன்னது சரி. அரிசிமலைக்குப் போங்கள் அண்ணா. புல்மோட்டைக்குக் கிட்ட, பெயருக்கேற்ற மணல், கையில் அள்ளினால் விடவே மனம் வராது. சனமே இருக்காது. நாங்கள் பெடியள் சேர்ந்து போய் விடிய விடியக் கரையில் இருந்தோம். ஒரு சதம் இடவாடகை இல்லை.

மூன்று பிள்ளைத் தாய்

தம்பி, பெடியளாகப் போய் விடிய விடிய இருப்பது வேறு, ஆறு வயதுப் பிள்ளையையும் முழங்கால் நோகிற அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது வேறு. கழிவறை எங்கே என்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லை பாருங்கள், அதிலேயே தெரிகிறது. நனைந்த உடுப்போடு பொம்பிளைப் பிள்ளைகள் எங்கே போய் மாற்றுவது? உப்பு போகக் குளிக்க நல்ல தண்ணீர் எங்கே? அரிசிமலை வடிவான இடம், மறுக்கவில்லை. பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இரவு அங்கே தங்கினால் பெரிய ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், திருகோணமலை டவுனில் இருக்கிறது.

வவுனியா வாசி, இடத்தைத் தெரிவதற்கு முன் இடத்துக்காரரிடம் அம்மாவுக்காக ஒரு கேள்வி கேளுங்கள்: டென்டிலிருந்து கழிவறைக்குப் பாதை மணலா, கட்டாந்தரையா, இரவில் அங்கே லைட் எரியுமா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் முற்பணம் கொடுக்க வேண்டாம். எங்களுக்கு ஓரிடத்தில் ‘எல்லா வசதியும் இருக்கு’ என்று சொல்லிவிட்டு, போனபின் பக்கத்து வீட்டுக் கிணற்றடியைக் காட்டினார்கள்.

சாம்பல்தீவான்

ஊர்க்காரன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புறாத்தீவுக் கதையை முடித்துவிடுவோம். அங்கே இரவு தங்க முடியாது. 1963 இல் சரணாலயமாக்கி, 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம் அது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. டென்ட் அடிக்கலாம் என்று சொன்னவர் ஒன்றில் போகாதவர், அல்லது உங்களோடு பகிடி விட்டிருக்கிறார். பகலில் போய் வரலாம். அதற்குக் கீழே வருகிறேன்.

டென்டுக்கு என் விருப்பம் நிலாவெளிக்கும் இறக்கக்கண்டிக்கும் இடைப்பட்ட பகுதி. அதுவும் கடற்கரை மணலில் அல்ல. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே, வேலி போட்ட தோட்டங்கள் இருக்கின்றன. கபானா வைத்திருப்பவர்களில் சிலர் டென்ட் அடிக்கவும் இடம் கொடுப்பார்கள். கிணறு, கழிவறை, வாகனம் உள்ளே நிறுத்த இடம் எல்லாம் இருக்கும், காலையில் நடந்து கடலுக்குப் போகலாம். வெறும் கரையில் அடித்தால் நடுச்சாமத்தில் கடற்படையோ பொலிஸோ வந்து டோர்ச் அடித்து யார், எவர் என்று விசாரிப்பதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கரைவலைக்காரரின் வாடிக்குக் கிட்ட அடித்தால் அதிகாலையில் அவர்களுடைய வேலைக்கும் இடைஞ்சல்.

தோட்டம் என்றால் தென்னைக்குக் கீழே மட்டும் டென்ட் போடாதீர்கள். தேங்காய் விழ ஒன்று போதும், ஓலை மட்டையும் சும்மா அல்ல. வேம்போ பூவரசோ நின்றால் அதன் கீழே போடுங்கள்.

இனிக் காற்றைப் பற்றி. வெளியூர்க்காரர் ஒருவரும் கேட்காத விஷயம் இதுதான். ஜூலையில் எங்களுக்குக் கச்சான் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து சூடாக இறங்கி வரும். எங்கள் கரைக்கு அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற காற்று. அதனால் கரையோரம் அலை படுத்துவிடும், கடல் குளம் மாதிரிக் கிடக்கும். பார்த்தவுடனே ‘பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கடல் உண்டா’ என்று தோன்றும். குளிக்க நல்லதுதான். ஆனால் காற்று ஊதின மெத்தை, டயர் டியூப், வாத்து வடிவ மிதவை இவற்றைக் கொண்டுபோய்விடாதீர்கள். பிள்ளை அதில் ஏறி இருந்தால் காற்று அப்படியே வெளியே தள்ளும். இடுப்பளவு தண்ணீரில் நின்றது, நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நிலை இல்லாத இடத்துக்குப் போய்விடும். அலை இல்லாததால் பிள்ளைக்கும் பயம் வராது, சத்தம் போடாது. தகப்பன்மார் பின்னால் நீந்திப் போய்க் களைத்துப் போவதும் இப்படித்தான். மிதவை விட்டுப் போனால் போகட்டும், பிள்ளையைப் பிடியுங்கள்.

சின்னவளுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் ஒன்று வவுனியாவிலேயே வாங்கிப் போட்டுப் பார்த்துக் கொண்டு வாருங்கள். கால்களுக்கு இடையில் போகிற பட்டி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். படகுக்காரர் தருவது பெரும்பாலும் பெரியவர் அளவு. அது பிள்ளையின் காது வரை ஏறிவிடும்.

விடிந்ததிலிருந்து பத்து மணி வரை கடல், அப்புறம் நிழல், நாலு மணிக்குப் பிறகு மறுபடி தண்ணீர். நடுவிலே மணலில் காலே வைக்க ஏலாது. வற்றுப்பெருக்கு எங்கள் பக்கம் ஒரு மீட்டரை எட்டாது, ஆகவே இரவில் கடல் ஏறி டென்டுக்குள் வருமோ என்று கச்சான் காலத்தில் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது டென்ட் பறப்பதற்கு. கூட வருகிற கம்பி முளை மணலில் நிற்காது. நாலு வெறும் உரப்பையில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து ஒரு முழம் தாழத்தில் புதைத்துவிடுங்கள். எந்தக் கச்சானுக்கும் அசையாது.

கிண்ணியாக் கரை

சாம்பல்தீவார் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். சின்னப் பிள்ளை தண்ணீரில் விளையாட மார்பிள் பீச்சுக்கு நிகர் இல்லை. சீனக்குடா தாண்டி கிண்ணியா வரும் வழியில் உள்ளே திரும்ப வேண்டும். விமானப்படை நடத்துகிறது. உள்ளே போக டிக்கெட், சாப்பாட்டுக்கும் இடம் இருக்கிறது. நிலாவெளி மாதிரித் திறந்த கடல் அல்ல, இரண்டு பக்கமும் தரை நீண்டு நடுவில் அடங்கிய சின்னக் குடா. கூட்டம் வருகிற நாளில் மட்டும் அந்த அமைதி இருக்காது. போயாவும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்தால் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள்.

அதை ஒரு பகல் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது பாலம் தாண்டி கிண்ணியாவுக்கு வந்து எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்குங்கள். 2009 இல் பாலம் திறக்கும் வரை நாங்கள் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றி இறக்குகிற மிதவையில்தான் கடந்தோம், ஆஸ்பத்திரிக்கும் அதே பாதைதான். இப்போது பிள்ளைகள் வான் ஜன்னலால் எட்டிப் பார்க்க முதலே கடந்துவிடும்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். மூதூர்ப் பக்கம் மகாவலி கடலில் விழுகிற இடங்கள், அதன் கிளைகள், ஓடைகள், இங்கெல்லாம் பிள்ளைகளை இறக்கவே கூடாது. முதலை உண்டு. தண்ணீர் கலங்கல், ஒன்றும் தெரியாது. ஊர்ச் சனம் குளிக்கிற துறையில் குளிக்கிறார்களே என்று நினைப்பீர்கள். அவர்களுக்கு எந்த இடம், எந்த நேரம் என்று தெரியும்.

கந்தளாய்ப் பக்கம்

குளக்கட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். கந்தளாய்க் குளம் பின்னேரம் பார்க்க அவ்வளவு வடிவு. ஜூலையில் தண்ணீர் வற்றி, குளத்துக்குள்ளே புல் முளைத்து, மாடும் யானையும் மேய வரும். அதனால்தான் டென்ட் வேண்டாம் என்கிறேன். யானை வருகிற வழியில் சோற்றுப் பானை வைத்துக்கொண்டு படுக்க முடியாது. உப்பு மணம், வாழைப்பழ மணம், இதெல்லாம் அவற்றுக்கு அழைப்பு. கட்டின் மேலே நின்று சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுங்கள். குளத்துக்குள் இறங்கவும் வேண்டாம், சேறு, முதலை இரண்டும் உண்டு. தண்ணீர் திறந்துவிடுகிற துருசுப் பக்கம் போகவே போகாதீர்கள்.

1986 ஏப்ரல் 20 ஆம் தேதி அதிகாலை இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் குளத்தைப் பார்க்கும்போது சுற்றுலாக் கண்ணால் பார்ப்பதில்லை. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

கொழும்புக் குடும்பம்

நாங்களும் ஓகஸ்டில் வரலாம் என்று இருக்கிறோம், இந்த இழை நல்லதாகப் போனது. ஹபரணை தாண்டி இரவில் ஓட்டலாமா? வேலை முடித்து வெள்ளி பின்னேரம் வெளிக்கிட்டால் அந்தப் பகுதிக்கு வர இரவு பத்து ஆகிவிடும்.

கந்தளாய்ப் பக்கம்

> இரவில் ஓட்டலாமா?

ஓட்டுகிறார்கள். நான் ஓட்டமாட்டேன். ஹபரணையிலிருந்து கந்தளாய் வரை யானை ரோட்டுக்கு வரும், லைட் வெளிச்சத்தில் கறுப்பு உடம்பு கடைசி நிமிஷம் வரை தெரியாது. சனி விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள், பகல் வெளிச்சத்தில் வந்து சேரலாம். இல்லையென்றால் இரவு ரயில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதுவே பாதிச் சந்தோஷம்.

மூன்று பிள்ளைத் தாய்

வவுனியா வாசி, நீங்கள் ஹொரவப்பொத்தானை வழியாக வருவீர்கள், அப்படியென்றால் கன்னியா வெந்நீரூற்று வழியிலேயே வருகிறது. முதல் நாளே அங்கே இறங்குங்கள். சின்னக் கிணறுகள் ஏழு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற வேண்டியதுதான், உள்ளே இறங்கிக் குளிக்கிற இடம் இல்லை. ஏழிலும் ஒரே சூடு அல்ல. பிள்ளைகளுக்கு இதுதான் விளையாட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எது சூடு என்று சண்டை பிடிப்பார்கள். சின்னவளுக்கு முதலில் உங்கள் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அம்மாவின் முழங்காலுக்கும் இதமாக இருக்கும்.

எரிமலையா என்று மூத்தவன் கேட்பான். இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே இருக்கிற சூட்டில் காய்ந்து திரும்பி மேலே வருகிறது. இராவணன் தாய்க்குக் கருமம் செய்யத் தண்ணீர் எடுத்த கதையை அம்மா சொல்லுவார், இரண்டையும் கேட்கட்டும்.

அங்கே இப்போதும் செத்தவர்களுக்கான கிரியைகள் செய்ய வருகிறவர்கள் உண்டு. பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கும்போது நம் பிள்ளைகள் தண்ணீர் அடித்துக் கூச்சல் போட்டால் சரியில்லை. ஆடி அமாவாசையை ஒட்டிய நாள் என்றால் கூட்டத்தில் கிணற்றடிக்கே போக முடியாது, உங்கள் திகதியைக் கலண்டரில் ஒருமுறை பாருங்கள்.

சும்மா சுத்துறவன்

அக்கா, கழிவறை விஷயத்தில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன் 😀 ஆனால் கன்னியாவில் டிக்கெட் யார் வெட்டுவது, இடம் யாருடையது என்ற பிரச்சினை...

சாம்பல்தீவான்

தம்பி, அது பெரிய கதை, முக்கியமான கதையும்தான். அதற்கு வேறு இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன். இங்கே பிள்ளைகளின் பயணம்.

புறாத்தீவு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுதான். பூங்கா டிக்கெட் வேறு, படகுக் கூலி வேறு. கரையில் இரண்டையும் சேர்த்து ஒரு தொகை சொல்வார்கள், பிரித்துக் கேளுங்கள். முதல் படகுகளில் போய்விடுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும், சனம் குறைவு, அம்மாவுக்கும் வெயில் ஏற முதல் திரும்பலாம். உண்மையைச் சொன்னால் அம்மாவைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. படகில் ஏறி இறங்க முழங்காலளவு தண்ணீரில் கால் தூக்க வேண்டும், தீவுக் கரையிலோ உடைந்த முருகைக்கல் குத்தும்.

மூத்தவனுக்கு ஸ்நோர்க்கல் வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள். ஆனால் முதல் தடவையாக அதைத் தீவில் வைத்துப் போடவேண்டாம். முந்திய நாள் பின்னேரம் நிலாவெளிக் கரையில் நெஞ்சளவு தண்ணீரில் பழக்குங்கள். மூக்கால் மூச்சு விடாமல் வாயால் விடப் பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் ஆழமில்லாத இடத்திலேயே சுற்றும். அவை மனிதரைத் தேடி வருவதில்லை, துரத்தாமல் விட்டால் போதும். முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்பவர்களைக் கண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். உயிருள்ள சாமான் அது. ஓர் அங்குலம் வளர எத்தனையோ காலம் பிடிக்கிறது, மிதித்து உடைக்க ஒரு செக்கன். மூத்தவனுக்கு இதை மட்டும் படகில் ஏற முதல் சொல்லிவிடுங்கள். சிப்பி, கல் ஒன்றும் பொறுக்கி வரவும் கூடாது.

திமிங்கிலம் பார்க்கப் படகு போகிறது, ஆசை வரும். ஆறு வயதுக்கு வேண்டாம். கன நேரம் திறந்த கடலில், வெயிலில், வாந்தியோடு. பெரியவளாகி வரட்டும்.

நீச்சல் வாத்தி

நான் டவுனில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறவன். இரண்டு சேர்க்கை.

இறக்கக்கண்டிப் பாலத்தடி, களப்பு வாய் இருக்கிறதே, அங்கே தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே இழுப்பு உண்டு. பின்னேரம் நின்று மீன் பிடிப்பவர்களைப் பார்க்கலாம், தூண்டில் போடலாம். குளிக்கக் கூடாது. திறந்த கரையில் நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி நேரே நீந்தி மல்லுக்கட்டாமல், கரைக்குச் சமாந்தரமாக ஒரு பக்கம் நீந்தி, இழுப்பு விட்டபின் உள்ளே வரவேண்டும். இதை மூத்தவனுக்கு மணலில் கோடு கீறிக் காட்டுங்கள், சொன்னால் மறந்துவிடுவான்.

மற்றது சொறிமுட்டை, ஜெலி மீன் என்பார்களே அது. பட்டால் சனம் மணலைப் போட்டுத் தேய்ப்பார்கள், நல்ல தண்ணீரால் கழுவுவார்கள். இரண்டும் விஷத்தைக் கூட்டும். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டின நூலைக் கையால் தொடாமல் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் வைத்திருங்கள், நோவு இறங்கும். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் 1990 க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

பெரியவர்கள் நாலு பேர் கரையில் இருந்தால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள், மற்றவர் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று முறை போடுங்கள். முறைக்காரர் கையில் போன் இருக்கக் கூடாது.

வவுனியா வாசி

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு மிக்க நன்றி. மிதவை மெத்தை ஒன்று ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறோம், அது வீட்டு விறாந்தையில் இருக்கட்டும். முதல் நாள் கன்னியா, பிறகு நிலாவெளித் தோட்டத்தில் டென்ட், அடுத்த நாள் விடிய நானும் மகனும் புறாத்தீவு, பின்னேரம் எல்லோரும் மார்பிள் பீச், தயிர்ச்சட்டி. சாப்பாடு எப்படி? அங்கேயே சமைக்கலாமா?

சாம்பல்தீவான்

சமைக்கலாம். விடியக் கரைவலை இழுக்கிற இடத்துக்கு மூத்தவனைக் கூட்டிப் போங்கள், கயிற்றில் ஒரு கை பிடிக்க விடுவார்கள். சூடையோ கீரியோ கிடைத்ததை அங்கேயே வாங்கி றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வையுங்கள். பாணும் கட்டைச் சம்பலும் பொரித்த சூடையும் இருந்தால் வேறென்ன வேண்டும். வருகிற வழியில் பாலைப்பழம் விற்றால் வாங்குங்கள், ஆனால் பிள்ளைகளின் உதடு ஒட்டும், பிறகு என்னைப் பேசக்கூடாது.

அடுப்பு டென்டுக்குள் வேண்டாம், காற்று மறைவுக்காகக்கூட வேண்டாம். கச்சானுக்குப் புல் காய்ந்திருக்கும், ஒரு பொறி போதும். இன்னொன்று, விறகு மூட்டினால் தணலை மணலால் மூடாதீர்கள். மேலே ஆறின மாதிரி இருக்கும், கீழே விடியும் வரை கனலும். மறுநாள் யாரோ ஒரு பிள்ளை வெறுங்காலோடு அதில் மிதிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மூன்று பிள்ளைத் தாய்

அம்மாவுக்கு மடக்குக் கதிரை ஒன்று. தரையில் இருந்து எழும்ப அவரால் ஏலாது, டென்டுக்குள் மெத்தை போட்டாலும் அதே கஷ்டம். தோட்டக்காரரிடம் அறை ஒன்று காலியாக இருந்தால் அவருக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள். பிள்ளைகள் டென்டில், அம்மா கட்டிலில். நுளம்புச் சுருள், பிள்ளைகளுக்கு இரவுக்குக் கை நீண்ட உடுப்பு. குப்பைக்கு இரண்டு பெரிய பை கொண்டுபோய், திரும்பும்போது நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

புதிய வாசகர்

இந்த இழையைப் பார்த்ததும் எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் எங்களுக்கு லீவு டிசம்பரில்தான். இதே திட்டம் சரிவருமா?

சாம்பல்தீவான்

வராது. டிசம்பரில் வாடை அடிக்கும், காற்று கடலிலிருந்து கரைக்கு, மழையும் கூட. நிலாவெளியில் அலை மணலையே வாரிக்கொண்டு போகும், புறாத்தீவுப் பயணமும் அந்த நாட்களில் நம்ப முடியாது. டென்டுக்குக் கீழே தண்ணீர் ஊறும். கோணேசர் கோயிலுக்கு வாருங்கள், கோட்டைக்குள் மான் பாருங்கள், கன்னியாவில் மழைக்குள் வெந்நீர் ஊற்றிக் குளியுங்கள், அது ஒரு தனிச் சுகம். படுக்கை மட்டும் ஓட்டுக் கூரைக்குக் கீழே. டென்ட் ஆசை என்றால் சித்திரை லீவு வரை பொறுங்கள், அப்போது கடலும் இறங்கியிருக்கும், கச்சானும் தொடங்கியிராது.